கிணற்றடிக்குப் போன வீரன்

நிர்மலாதேவியின் கைபேசியில் அந்த வீரன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். கையில் வாள், முதுகில் மூட்டை, முகத்தில் விசா கிடைக்காதவனின் களை.

“இன்னைக்கு நகரலை சார்,” என்றார் நிர்மலாதேவி. “நேத்து நகந்தான். முந்தாநாள் நகந்தான். இன்னைக்கு மட்டும் நின்ன எடத்துலயே நிக்கிறான்.”

கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கைபேசியை வாங்கிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் என்னிடம் நீட்டினார். மின்சாரத்தில் ஓடும் எதுவும் என் இலாகா. சென்னையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த நான், ஆக்லாந்துக்கு வந்து, வேலை கொடுத்த கம்பெனி கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, இந்த யாழ்ப்பாணத்துத் துப்பறிவாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். பெயர் தேவதர்ஷினி. இது என்ன வேலை என்று விசா அதிகாரிக்கு விளக்கியதுதான் நான் இதுவரை தீர்த்து வைத்த ஆகப் பெரிய கேஸ்.

“முதல்ல இருந்து சொல்லுங்கோ அம்மா,” என்றார் கதிர்காமநாதன். “நான் உந்த விளையாட்டு ஒண்டும் அறியன். தாயத்தோட நிண்டிட்டன்.”

ஏவன்டேலில் ரயில் பாதையை ஒட்டிய பலகை வீடு அது. ஒவ்வொரு ரயிலுக்கும் சமையலறை அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. நிர்மலாதேவி மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். ஐம்பதைத் தாண்டவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து மேஜைக்குத் தேநீர் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

“அட்டை, பொம்மை எல்லாம் வச்சு ஆடுற விளையாட்டுதான் சார். ஆனா மத்ததுல நாம ஒருத்தர ஒருத்தர் தோக்கடிக்கணும். இதுல நானும் ஜஸ்வினும் ஒரே கட்சி லா. பேய், புயல், எதிரி எல்லாத்தையும் ஜஸ்வின் டேப்லெட்டுல இருக்கற இந்த ஆப் பாத்துக்கும். அதுவே கதை சொல்லும். அடுத்த அட்டைய எங்க வைக்கணும்னு அதுவே சொல்லும். நாம நடந்த வழிய இந்தப் படத்துல கோடு போட்டு வச்சுக்கும். ஞாயித்துக்கிழமை மார்க்கெட் போயிட்டு வந்து, கீரை ஆஞ்சுக்கிட்டே ஆடுவோம்.”

அந்த விளையாட்டின் ஆங்கிலப் பெயர் என் பாஸ்போர்ட் பெயரைவிட நீளம். அம்மாவும் மகனும் அதைக் ‘கோட்டை’ என்றே சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மகன் ஜஸ்வினுக்கு இருபது வயது. ஒரே பிள்ளை. மனுகாவில் படித்துக்கொண்டிருந்த படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தினமும் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போவதுபோல் போய் வந்திருக்கிறான். ஏப்ரலில் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சண்டை. பையன் விளையாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினான். அன்றிலிருந்து அவன் போன் அணைந்தே கிடந்தது. வளர்ந்த பையன், தானாகப் போயிருக்கிறான் என்று போலீஸ் கையைத் துடைத்துக்கொண்டது.

“அந்த டேப்லெட்டு?” என்று கேட்டேன்.

“வீட்டுல இல்லம்மா. அதுலயும் என் போன்லயும் ஒரே கணக்குதான். அதுல யாராச்சும் நகத்துனா இதுல தெரியும். ரெண்டு மாசம் ஒண்ணுமே இல்ல. போன மாசத்துலேருந்து நகருது. மத்தியானத்துல மட்டும்தான். சனி ஞாயிறு கிடையாது.”

நடப்பவன் உயிரோடு இருக்கிறான் என்று அந்த அம்மாளுக்கு ஒரு பிடி. அதில்தான் அவர் உயிரும் தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. இதய வால்வு பழுது. ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் கொடுத்தார்கள். இரண்டு முறையும், பையனைப் பார்க்காமல் மேஜையில் ஏற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மூன்றாவது முறை கொடுத்த நாள் வருகிற திங்கட்கிழமை. இதையும் தள்ளினால் இன்னொரு நாள் தேவைப்படாமலே போகலாம் என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

விளையாட்டை விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு நான் அங்கேயே கைபேசியில் எழுதிப் பார்த்தேன். டேப்லெட் எந்த ஊரில் இருக்கிறது என்றுதான் கேட்டேன். ‘உங்கள் சாகசம் இனிதே தொடரட்டும்’ என்று இயந்திரம் பதில் போட்டது.

வெளியே கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையோடு ஒருவர் இறங்கினார். வாசலுக்கு வராமல் கராஜுக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஜூலை மாதக் குளிரில், தோட்டத்து ஓஸ் பைப்பில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார் லெட்சுமணன், நிர்மலாதேவியின் கணவர்.

“கூட வேலை பாக்கிறவரோட அம்மா தவறிட்டாங்க. எரிச்சிட்டு வர்றாரு,” என்றபடி நிர்மலாதேவி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“உள்ள சுடுதண்ணி இருக்குல்ல ஆன்ட்டி?”

“இருக்கு. ஆனா செத்த வீட்டுலேருந்து வந்தா குளிக்காம நிலைப்படி தாண்ட மாட்டாரு. மொத தடவை பாத்தப்ப பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரு ஆம்புலன்ஸ் கூப்பிடவான்னு கேட்டாரு.”

லெட்சுமணன் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பெரிய கிடங்கின் சூப்பர்வைசர். எங்களை ஒரு பார்வை பார்த்தார். கணக்கில் வராத பெட்டி ஏதாவது வந்து இறங்கினால் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

“பொம்மைய வச்சு ஆளைத் தேடுறீங்களா? நல்லா இருக்கு,” என்றார். பிறகு மனைவியிடம், “பசியாறிட்டியா? அவன் நல்லாத்தான் இருப்பான். அதான் நகருதுல்ல? நீ பேசாம திங்கக்கிழமை போய்ப் படு,” என்றார்.

நிர்மலாதேவி கைபேசியைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

எங்களுக்கு இருந்த ஒரே துப்பு அந்த வீரன்தான். அவன் பின்னாலேயே மனுகாவுக்குப் போனோம்.

“சார், காணாமப் போன ஆளைத் தேடியிருக்கோம், நாயைத் தேடியிருக்கோம். பொம்மை பின்னாடி போறது இதான் முதல் தடவை,” என்றேன் காரை ஓட்டிக்கொண்டே.

“நாய்க்குப் பின்னால போய் நீ கடி வாங்கினாய். பொம்மை கடிக்காது. பேசாமல் ஓட்டு பிள்ளை.”

ஜஸ்வினும் அவன் கூட்டாளிகளும் கூடும் இடம், மாலுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கடை. காப்பி வாங்கிக்கொண்டு அலமாரியில் இருக்கும் எந்த விளையாட்டை வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். கல்லாவில் நின்ற தினேஸ்வரன் இங்கேயே பிறந்தவன். நான் தமிழில் கேட்டேன், அவன் இங்கிலீஷில் சொன்னான். கதிர்காமநாதன் இரண்டுக்கும் தலையாட்டினார்.

“ஜஸ்வின் எங்கே போனான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா. யார்கிட்டயும் சொல்லலை,” என்றான் தினேஸ்வரன். “இதைக் கொடுத்துட்டுப் போனான். தூக்கிட்டு அலைய முடியாது, யாராவது ஆடட்டும்னு.”

அவன் கை காட்டிய அலமாரியில் இருந்தது ‘கோட்டை’. பெட்டியின் ஓரத்தில் கீரைக்கறை.

நானும் கதிர்காமநாதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“பெட்டி இஞ்சை இருக்கு. விளையாட்டு அங்கை ஓடுது,” என்றார் அவர்.

“வெறும் ஆப் மட்டும் வெச்சு ஆட முடியுமா தினேஷ்?”

“முடியும். அட்டையில இருக்கற படமே திரையிலயும் வரும். ஆனா எதுக்கு ஆடணும்? ஜஸ்வினுக்குப் பொம்மையைக் கையால எடுத்து வெச்சாத்தான் தூக்கம் வரும்.”

நிர்மலாதேவியின் கணக்கை என் கைபேசியிலும் போட்டு வைத்திருந்தேன். வீரன் நடந்த வழியைக் காட்டினேன். தினேஸ்வரன் குனிந்து பார்த்தான். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

“இது யார்? ஜஸ்வின் இல்லை.”

“எப்படிச் சொல்றே?”

“இங்கே பாருங்க. இது சுடுகாடு. பேய்கள் இங்கேதான். இது விடுதி. மருந்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் இங்கே. ஒவ்வொரு அடிக்கும் பொழுது கழியும். பொழுது போனா கோட்டையில இருக்கறவன் முழிச்சுக்குவான், நாம தோத்தோம். அதனால சுடுகாட்டுல சண்டை முடிஞ்சதும் எல்லாரும் விடுதிக்குத்தான் ஓடுவாங்க. இந்த ஆள் ஒவ்வொரு தடவையும் சுத்திக்கிட்டு இங்கே போறான்.”

அவன் விரல் நின்ற இடத்தில் ஒரு கிணறு இருந்தது.

“கிணத்துல என்ன இருக்கு? புதையலா?”

“ஒண்ணுமே இல்லை. சும்மா அழகுக்கு வரைஞ்சது. தொட்டா ‘தண்ணீர் சில்லென்று இருக்கிறது’ன்னு ஒரு வரி வரும். அவ்வளவுதான். காயம் பட்டு உயிர் போற நேரத்துலகூட இந்த ஆள் கிணத்துக்குப் போறான். ரெண்டாவது பொம்மை ஜஸ்வினோட அம்மாவுடையது. அதையும் கூட்டிக்கிட்டே போறான். பைத்தியமா?”

“ஏப்ரலுக்கு முன்னம் இந்தக் கோடு கிணத்துப் பக்கம் போயிருக்கோ?” என்று கதிர்காமநாதன் கேட்டார்.

தினேஸ்வரன் பழைய பக்கங்களைப் புரட்டினான். ஒரு தடவைகூடப் போகவில்லை.

காருக்குள் ஏறியதும் கொட்டிவிட்டேன். “சார், இது சங்கேதம்! பையனை யாரோ அடைச்சு வெச்சிருக்காங்க. பக்கத்துல கிணறு இருக்குன்னு அம்மாவுக்குச் சொல்றான். ஆக்லாந்துல எங்கெங்க கிணறு இருக்குன்னு நான் இப்பவே தேடறேன்.”

“அடைச்சு வைச்சவன் சனி ஞாயிறு லீவு குடுக்கிறானோ?”

தேடலை மூடிவிட்டுக் கைபேசியைக் கீழே வைத்தேன்.

“யோசிச்சுப் பார் பிள்ளை. ஆப்பைத் தெரிஞ்சவன் செய்யாத காரியம். வெல்ல வேணும் எண்டு நினைக்கிறவன் செய்யாத காரியம். அப்ப ஆர் செய்யிறது?” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நாளைக்கு மத்தியானம் ஈஸ்ட் டாமாக்கிக்குப் போவம். உன்ரை போனிலை சார்ஜ் இருக்க வேணும்.”

மறுநாள் மழை. கிடங்கின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம். ஃபோர்க்லிஃப்ட்கள் பின்வாங்கும்போதெல்லாம் கீ கீ என்று கத்தின. மத்தியான இடைவேளைக்கு, இங்கே ஸ்மோகோ என்பார்கள், மணி அடித்ததும் ஆட்கள் கும்பலாகச் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் தனியாகத் தன் காருக்கு வந்தார். மஞ்சள் மேல்சட்டை, கையில் டிபன் டப்பா. லெட்சுமணன்.

நான் கைபேசியைப் பார்த்தேன். வீரன் சுடுகாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

“நேற்று ஏன் நகரேல்லை?” என்று கதிர்காமநாதன் தணிந்த குரலில் கேட்டார். “நேற்று ஒருத்தர் வேலைக்குப் போகேல்லை. செத்த வீட்டுக்குப் போனவர். சுடலையாலை வந்து, இந்தக் குளிருக்குள்ளை, வீட்டுக்குள்ளை போகமுதல் என்ன செய்தவர்?”

“குளிச்சார்,” என்றேன்.

என் கைபேசியில் வீரன் நகர்ந்தான். எதிரே காருக்குள், ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்த டேப்லெட்டின் மேல் லெட்சுமணனின் விரல் நகர்ந்தது. வாசிப்புக் கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. டிபன் டப்பா திறக்கப்படவேயில்லை. வீரன் சுடுகாட்டு வாசலைத் தாண்டினான். விடுதி பக்கத்திலேயே இருந்தது. அவன் அந்தப் பக்கம் போகவில்லை. அம்மா பொம்மையையும் கூட்டிக்கொண்டு, சுற்றிக்கொண்டு, கிணற்றடிக்குப் போனான்.

கதிர்காமநாதன் இறங்கிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

லெட்சுமணன் முதலில் டேப்லெட்டைத்தான் மறைக்கப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, பின்கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தோம். டேப்லெட்டிலிருந்து கோட்டையின் சங்கீதம் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. நான் கை நீட்டி நிறுத்தினேன்.

“கிணத்துக்கு ஏன் கொண்டு போறீங்கள்?” என்றார் கதிர்காமநாதன்.

“எந்தக் கிணறு?” லெட்சுமணனுக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு திரையைப் பார்த்தார். “அதுவா? சுடுகாட்டுலேருந்து வர்றாங்க. குளிக்காம எப்படி சார் உள்ள விடுறது?”

ஏதோ நாங்கள்தான் ஒழுக்கம் தெரியாதவர்கள் என்பதுபோல் கேட்டார்.

“டேப்லெட்டை அவன்கிட்டேருந்து நான்தான் புடுங்குனேன். நான் வாங்கிக் குடுத்தது, வச்சிட்டுப் போன்னேன். லாக்கர்ல கெடந்துச்சு. அவ ராத்திரி பகலா அந்த போனையே பாத்துக்கிட்டு இருந்தா சார். சோறு எறங்கலை. ஒரு நாளு இதைத் தொறந்து சும்மா ஒரு அடி நகத்துனேன். அன்னைக்கு வீட்டுக்குப் போறேன், அவ மீன் பொரிச்சுக்கிட்டு இருக்கா. அதுக்கப்புறம் எப்படி நிப்பாட்டுறது?”

எனக்கே ஒரு நிமிடம் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடத்தோடு அது போயிற்று. கதிர்காமநாதன் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“பெடியன் எங்கை?”

லெட்சுமணன் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தார். “தெரியாது.”

“உயிரோடை இருக்கிறானோ எண்ட பயம் உங்களிட்டை இல்லை. அம்மாவிட்டை இருக்கு. உங்களிட்டை இல்லை. அப்ப நீங்கள் கண்டிருக்கிறீங்கள்.”

அவர் டிபன் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக வந்தது.

“ரெண்டு தடவை வந்தான். ரெண்டு தடவையும் அவ டெஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரி போயிருந்தா. மொத தடவை, என் கால்ல விழுவான்னு நெனச்சேன். விழலை. அம்மாவக் கூப்பிடுங்கன்னான். பொய் சொல்லி ஊரை ஏமாத்திட்டு, அப்பன்கிட்ட ஒரு வார்த்தை இல்ல, அம்மாவக் கூப்பிடுங்கன்னு நிக்கிறான். கோவத்துல வாய்ல வந்துருச்சு. உங்கம்மா உன்னத் தலைமுழுகிட்டா, உன் முகத்துல முழிக்க மாட்டேன்னுட்டான்னேன்.”

“ரெண்டாந்தரம்?”

“ப்ரிஸ்பேன் போறேன், அம்மாகிட்ட ஒரு வாட்டி சொல்லுங்கன்னான்.”

“நீங்கள்?”

“மொதல்ல சொன்னத எப்படி சார் மாத்திச் சொல்றது?”

எனக்கு அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருப்பேன், ஆனால் அவர் திறக்காத டிபன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கணக்கில் இருந்தவை இரண்டே கருவிகள். ஒன்றில் அவர் நகர்த்தினார், இன்னொன்றில் அவர் மனைவி பார்த்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பையன் இந்த விளையாட்டிலேயே இல்லை.

“அவளுக்குத் தெரிஞ்சா திங்கக்கிழமை போக மாட்டா சார்,” என்றார் லெட்சுமணன். “பையன்தான் நகத்துறான்னு இருக்கட்டும். ஆபரேஷன் முடியட்டும். நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

கதிர்காமநாதன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சொன்னால் அந்த அம்மாளின் நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் நாங்களும் இந்தப் பொய்க்கு ஆள் சேர்ந்தவர்களாவோம். கதிர்காமநாதன் பொய் சொல்லிப் பல உண்மைகளைக் கறந்தவர்தான். ஆனால் தன்னை அமர்த்தியவரிடம் பொய் சொன்னதில்லை.

“வெளிக்கிடுங்கோ, வீட்டை போவம்,” என்றார். “நீங்களே சொல்லுங்கோ. நாங்கள் பக்கத்திலை இருக்கிறம்.”

ஏவன்டேலுக்கு வந்து சேரும்போது மழை விட்டிருந்தது. நிர்மலாதேவி சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கைபேசி. கணவர் வேலை நேரத்தில் எங்களோடு வருவதைப் பார்த்தும் அவர் எழவில்லை. ஆச்சரியமும் படவில்லை. அது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

லெட்சுமணன் டேப்லெட்டை மேஜைமேல் வைத்தார். “நிம்மி,” என்றார். அதற்குமேல் ஓடவில்லை.

“அம்மா, மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ,” என்று கதிர்காமநாதன் ஆரம்பித்தார். “உந்த விளையாட்டை நகர்த்தினது உங்கட மகன் இல்லை.”

“தெரியும் சார்.”

ரயில் ஒன்று போயிற்று. கோப்பைகள் கிணுகிணுத்து அடங்கின.

“மொத தடவை கிணத்துக்குப் போனப்பவே தெரியும்,” என்றார் நிர்மலாதேவி. “இருபத்தஞ்சு வருஷமா கராஜுக்குப் பின்னால துண்டு கொண்டு போய்க் குடுக்கறவ நான். இது யாரு நடையின்னு எனக்குத் தெரியாதா?”

“பின்ன எதுக்கு ஆன்ட்டி எங்களைக் கூப்பிட்டீங்க?” என்றேன்.

“நான் கேட்டா சாமி மேல சத்தியம் பண்ணி இல்லேம்பாரு. வெளியாளு கேட்டாத்தான் இவருக்கு வெக்கம் வரும். டேப்லெட் இவருகிட்ட இருந்தா, இன்னும் என்னென்ன இவருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியணும். அதான் நேத்து நகரலைன்னு சொன்னேன். இவரு குளிக்கறதையும் உங்களுக்குக் காட்டுனேன்.”

நேற்று அவர் சொன்னதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. டேப்லெட் வீட்டில் இல்லை என்றுதான் சொன்னார். யாராச்சும் நகத்துனா என்றுதான் சொன்னார். துப்பறிந்தது நாங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அவமானப்பட்டால் அப்படித்தான் செய்வார்.

நிர்மலாதேவி கணவரின் பக்கம் திரும்பினார். “வந்தானா?”

“ரெண்டு தடவை.”

“என்ன சொன்னீங்க?”

லெட்சுமணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். வேறு வழியில்லாமல் காரில் சொன்னதை அவர் மறுபடி சொன்னார். இந்த முறை அதற்குக் கோபம் காரணம் என்று சொல்லவில்லை. முதலில் சொன்னதை எப்படி மாற்றுவது என்றும் கேட்கவில்லை.

நிர்மலாதேவி அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று மூச்சு வாங்கினார்.

“திங்கக்கிழமை நான் போறேன்,” என்றார். “நான் தலைமுழுகிட்டேன்னு எம்புள்ள நெனச்சுக்கிட்டு இருக்கறப்ப என்னால சாக முடியாது. நீங்க ப்ரிஸ்பேன் போங்க. இன்னைக்கே போங்க. நான் கண்ணு முழிக்கறப்ப அவன் அங்க நிக்கணும். அவன் இல்லாட்டி நீங்களும் வந்து நிக்காதீங்க.”

“நிம்மி, ஆபரேஷனுக்கு யாரு கூட…”

“இந்தப் பொண்ணு வரும்,” என்று என்னைக் காட்டினார். என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாசல் படியில் வைத்துக் கதிர்காமநாதன் வேலையைத் தொடங்கினார். வேறு என்ன செய்வது? ஆளைத் தேடுவது என்றால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

“அம்மாவிட்டை முன்னமே கேட்டுட்டன். ஆனால் கடைசியாக் கண்டது நீங்கள். அதாலை உங்களிட்டையும் கேக்க வேணும். ப்ரிஸ்பேனிலை அவனுக்கு ஆரைத் தெரியும்?”

“தெரியல சார்.”

“ஆரோடை நல்ல ஒட்டு? பெடியளோ, ஆரும் பெட்டையோ?”

“தெரியல.”

“என்ன வேலை தேடுவான்? என்ன செய்ய விருப்பம்?”

லெட்சுமணன் உள்ளே திரும்பிப் பார்த்தார். இதுவரை மகனைப் பற்றி யார் எது கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். படுக்கையறைக் கதவு சாத்தியபடியே இருந்தது. அவர் திரும்பிக்கொண்டார்.

“தெரியல சார்.”

“கடைசியாக் கண்டபோது என்ன உடுப்பு?”

இதற்கு மட்டும் அவர் யோசிக்கவில்லை. “சாம்பல் கலர் ஜாக்கெட். ஜிப்பு பிஞ்சு போயிருந்துச்சு. உள்ள பச்சை டீஷர்ட். ஜீன்ஸ் முழங்கால் வரைக்கும் ஈரம். ஸ்டேஷன்லேருந்து மழையில நடந்து வந்திருக்கான். தோள்ல ஒரு பை, அவ்வளவுதான்.”

நான் எழுதிக்கொண்டே, “கால்ல? ஷூவா, செருப்பா?” என்று கேட்டேன்.

“கால்ல ஒண்ணும் இல்லம்மா,” என்றார் லெட்சுமணன். “சப்பாத்தக் கழட்டி ஓரமா வச்சிட்டுத்தான் மணியடிச்சான். உள்ள கூப்பிடுவேன்னு நெனச்சு.”